அடிக்க வந்த நேரத்தில் பயிற்சி எங்கே கைகொடுத்தது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

இரவுப்பணி செவிலி:

வணக்கம். எங்கள் மருத்துவமனையில் வன்முறையைக் கையாள்வதற்கான பயிற்சியைத் திருத்தி அமைக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். வகுப்பில் கற்றதில் எது வார்டில் நிஜமாகவே உதவியது, எது உதவவில்லை என்று உங்களிடம் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் பணிக்காலத்தில் என்றாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள். திட்டும் மிரட்டலும் அதற்கு மேல். "இந்த வேலைன்னா அப்படித்தான்" என்று விழுங்கிக்கொள்ளப் பழகியிருக்கிறோம். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

முதலில் என்னுடையது. அவசரப் பிரிவுக்கு ஒரு இளைஞரைக் கொண்டுவந்தார்கள். கத்தல், உளறல், கையில் போட்டிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டி, செக்யூரிட்டியைக் கூப்பிடப் போனார்கள். எங்கள் மூத்த சிஸ்டர் ஒருவர் மட்டும், "சுகர் பாருங்க முதல்ல" என்றார். 34தான் இருந்தது, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஏறிய சில நிமிடங்களில் அவர் எழுந்து உட்கார்ந்து, "நான் எப்படி இங்கே வந்தேன்?" என்று கேட்டார். அந்த சிஸ்டர் பயிற்சியில் கற்ற வரிசை இதுதான்: சர்க்கரை, ஆக்சிஜன், தலையில் அடி, காய்ச்சல், வலி, அடைபட்ட சிறுநீர், மது நிறுத்தம். கடைசியைப் பலரும் தவறவிடுகிறார்கள். எலும்பு முறிவுக்குச் சேர்ந்து இரண்டு நாள் சாதுவாக இருந்தவர் மூன்றாம் இரவு ட்ரிப் ஸ்டாண்டைத் தூக்குகிறார் என்றால், கடைசியாக எப்போது குடித்தார் என்று கேளுங்கள். நிறுத்திய 48 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் அந்தக் கடும் குழப்பம் தலைகாட்டும். அவருக்குத் தேவை மருத்துவம்.

நோயாளியையோ மருத்துவமனையையோ அடையாளம் காட்டும் விவரங்கள் வேண்டாம். மற்றபடி மனம்விட்டு எழுதுங்கள்.

அவசரப் பிரிவு டியூட்டி டாக்டர்:

எங்களிடம் நோயாளியைவிட உறவினர்களின் கோபம்தான் அதிகம். பெரும்பாலும் காரணம் ஒன்றே: உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் வந்து சொல்வதில்லை.

ஒருவர் கவுன்டரைக் கையால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் செவிலியர், ஒரு பக்கம் செக்யூரிட்டி, ஒரு பக்கம் அட்டெண்டர், எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார்கள். பயிற்சியில் எங்களுக்கு அழுத்திச் சொன்னது, ஒருவர் மட்டும் பேச வேண்டும் என்பது. மற்றவர்களைக் கண்ணாலேயே பின்வாங்கச் சொல்லிவிட்டு நான் போனேன். இரண்டு கை நீள இடைவெளி, நேருக்கு நேர் நிற்காமல் சற்றே பக்கவாட்டில், கைகள் அவருக்குத் தெரியும்படி. கதவை மறித்து நிற்கவில்லை. அவருக்கும் வழி இருக்க வேண்டும், எனக்கும் வழி இருக்க வேண்டும்.

"அமைதியா இருங்க" என்று நான் சொல்வதே இல்லை. அதைக் கேட்டு அமைதியான ஒருவரையும் பார்த்ததில்லை. என் பெயரைச் சொன்னேன். "உங்கள் அப்பாவைப் பற்றித்தானே? இவ்வளவு நேரம் யாரும் உங்களிடம் பேசவில்லை, அது சரியில்லை" என்றேன். அவர் சொன்னதில் நியாயமான பகுதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், பொய்யாக அல்ல. அப்புறம்தான் எல்லை: "கவுன்டரை அடித்தால் என்னால் பேச முடியாது. இங்கேயே உட்கார்ந்து பேசலாம், இல்லையென்றால் பக்கத்து அறைக்குப் போகலாம். எது வசதி?" என்று கேட்டேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கையில் வந்ததும் குரல் இறங்கியது. சின்னச் சின்ன வாக்கியங்கள் பேசுங்கள். உச்சக் கோபத்தில் நீளமான விளக்கம் யார் காதிலும் ஏறாது.

மனநல வார்டு பொறுப்புச் செவிலியர்:

டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பேச்சு பலிக்காத நேரமும் உண்டு. அதைப் பற்றித்தான் நம் பயிற்சிகள் மிகக் குறைவாகச் சொல்லித்தருகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள நாங்கள் ப்ரோசெட் பட்டியலைப் பயன்படுத்துகிறோம். நார்வேயில் உருவானது. குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மொழி மிரட்டல், உடல்ரீதியான மிரட்டல், பொருட்களைத் தாக்குதல் என்று ஆறே விஷயங்கள். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த 24 மணி நேரத்துக்கு ஆபத்து அதிகம். ஷிஃப்ட் மாறும்போது இந்த எண்ணைச் சேர்த்துச் சொல்கிறோம். "ஒரு மாதிரி இருக்கார், பாத்துக்கோங்க" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது பிடித்து நிறுத்துவதைப் பற்றி. நான் பார்த்த ஒரு சம்பவத்தில், ஒருவரை ஐந்தாறு பேர் சேர்ந்து தரையில் குப்புறத் தள்ளினார்கள். முதுகில் ஒருவர் முழங்காலை வைத்திருந்தார். நோயாளி "மூச்சு முட்டுது" என்று முனகினார். "பேசறார்ல, மூச்சு இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். அந்த வாக்கியத்தை நான் எந்தப் பயிற்சியிலும் கரும்பலகையில் எழுதி அடித்துக் காட்டுவேன். பேச முடிவதால் போதுமான காற்று போகிறது என்று ஆகாது. நெஞ்சும் வயிறும் அழுந்தியிருக்கும்போது நுரையீரல் விரிய இடமில்லை. போராடியதால் உடலுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடியிருக்கிறது. திமிறிக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கினால், தணிந்துவிட்டார் என்று நினைக்காமல் உடனே மூச்சையும் நாடியையும் பாருங்கள். இப்படித்தான் மரணங்கள் நடந்திருக்கின்றன. அன்று பயிற்சி பெற்ற அட்டெண்டர் ஒருவர் ஓடிவந்து "புரட்டுங்க, புரட்டுங்க" என்று கத்தி அவரை மல்லாக்கத் திருப்பினார். உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் வார்டில் தலைப்பக்கம் நிற்பவருக்கு வேறு வேலையே கிடையாது. முகம், நிறம், மூச்சு, பேச்சு இவற்றைப் பார்ப்பார். அவர் "விடுங்க" என்றால் டாக்டரே ஆனாலும் விட வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில்தான் போகிறது: தரைக்குக் கொண்டுபோவதைத் தவிர்க்கப் பாருங்கள், முடியாவிட்டால் மல்லாந்த நிலை, வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது.

முதியோர் பராமரிப்பில் இருக்கிறேன்:

மறதி நோய் உள்ளவர்கள் அடிப்பது பெரும்பாலும் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும். யாரோ முன்பின் தெரியாதவர் துணியை உருவுகிறார் என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. பின்னாலிருந்து தொடாதீர்கள். முன்னால் வந்து, கண் மட்டத்துக்குக் குனிந்து, என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். ஒரு பாட்டி தினமும் என்னை அறைவார். துண்டால் தோளை மூடிவிட்டு, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து துடைக்க ஆரம்பித்தோம். அறைவது ஏறக்குறைய நின்றேபோனது.

விடுவித்துக்கொள்ளும் முறைகளில் எனக்கு மூன்று கைகொடுத்தன. மணிக்கட்டைப் பிடித்தால், அவர் கட்டைவிரல் இருக்கும் பக்கமாக உருவிக்கொள்ள வேண்டும். பிடியில் பலவீனமான இடம் அதுதான். முடியைப் பிடித்தால் இழுக்காமல், அவர் கையை நம் தலையோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உதவிக்குக் கூப்பிட வேண்டும். கடித்தால் வெளியே இழுக்கக் கூடாது, சதை கிழியும். வாய்க்குள் தள்ளுவதுபோல் அழுத்தினால் தாடை தளரும். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கவிடாதீர்கள். அடையாள அட்டைக் கயிறு, இழுத்தால் தானாகக் கழன்றுவரும் வகையாக இருக்கட்டும்.

ஆம்புலன்ஸ் பணியாளர்:

எங்களுக்கு நான்கு சுவர் கிடையாது. வீட்டுக்குள் நுழையும்போதே வெளியே வரும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்கிறோம், சமையலறைப் பக்கம் நின்று பேசுவதைத் தவிர்க்கிறோம். தனியாகப் போவதில்லை. சரியில்லை என்று மனசு சொன்னால் வண்டிக்குத் திரும்பி, காவல்துறை வரும்வரை காத்திருக்கும் அனுமதியை எங்கள் நிர்வாகம் எழுத்தில் தந்திருக்கிறது. வேறு எந்த வகுப்பையும்விட அந்த ஒரு தாள்தான் எனக்குத் தைரியம்.

செவிலிய மாணவி:

ஒரு சந்தேகம். கைப்பிடி முறைகளை வகுப்பில் சொல்லித்தந்தார்கள். சில மாதங்களில் பாதி மறந்துவிட்டது. இதனால் தாக்குதல் உண்மையிலேயே குறையுமா அக்கா?

பயிற்சி நடத்துபவர்:

நல்ல கேள்விம்மா, நேர்மையாகவே சொல்கிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பின்படி, பயிற்சியால் அறிவும் மனப்பான்மையும் மேம்படலாம், ஆனால் தாக்குதல்களின் எண்ணிக்கை குறையும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு "அப்போ பயிற்சி வீண்" என்று சில நிர்வாகிகள் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆள் பற்றாக்குறை, மணிக்கணக்கில் காத்திருப்பு, வேலை செய்யாத அவசர மணி இவற்றை அப்படியே வைத்துவிட்டு, எல்லாச் சுமையையும் ஒரு செவிலியின் பேச்சுத்திறன் மேல் ஏற்றினால் எண்ணிக்கை எப்படிக் குறையும்? வார்டின் அன்றாட நடைமுறையையே மாற்றிய இடத்தில் பலன் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தின் மனநல வார்டுகளில் லென் பவர்ஸ் குழு செய்த சேஃப்வார்ட்ஸ் ஆய்வில் மோதல்கள் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26.4 சதவீதமும் குறைந்தன. அதில் வரும் ஒரு நடைமுறை: நோயாளிக்குக் கெட்ட செய்தி வரப்போகிறதா என்று ஊழியர்கள் முன்பே கவனித்து, செய்தி வந்ததும் பக்கத்தில் இருப்பது. விடுப்பு மறுக்கப்பட்டது, வீட்டிலிருந்து போன் வரவில்லை போன்றவைதான் அந்தச் செய்திகள்.

மறப்பதைப் பற்றி: ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து நடத்துவதை நான் நிறுத்திவிட்டேன். ஷிஃப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம், அந்த வார்டிலேயே, அன்று பணியில் இருக்கும் டாக்டர், செவிலியர், அட்டெண்டர், செக்யூரிட்டி எல்லோரும் சேர்ந்து ஒரு சம்பவத்தை நடித்துப் பார்க்கிறோம். யார் பேசுவது, யார் மணி அடிப்பது, மற்ற நோயாளிகளை யார் நகர்த்துவது என்று. துப்புரவுப் பணியாளர்களையும் சேர்த்துக்கொள்கிறேன். பல நேரம் முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

செவிலிய மாணவி:

நன்றிக்கா. இன்னொன்று. போன வாரம் ஒருவர் என்னைத் தள்ளிவிட்டார். மறுநாள் அதே படுக்கைக்குப் போக வேண்டியிருந்தது. கை நடுங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

மனநல வார்டு பொறுப்புச் செவிலியர்:

இன்றே சம்பவப் படிவத்தை நிரப்பிவிடு கண்ணு. அடி படாவிட்டாலும் எழுது. எழுதாத சம்பவம் நிர்வாகத்தின் கணக்கில் நடக்காத சம்பவம். பொறுப்புச் சிஸ்டரிடம் அந்தப் படுக்கையை இந்த வாரம் மாற்றித்தரக் கேள், அல்லது இன்னொருவர் கூட வரட்டும். இரண்டுமே நீ கேட்கக்கூடியவை. எங்கள் வார்டில் அடிபட்டவரிடம் "நீ என்ன செஞ்சே?" என்று யாரும் தொடங்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். முதலில் காயம் பார்ப்போம், பணியிலிருந்து கொஞ்ச நேரம் விடுவிப்போம், வீட்டுக்குப் போக ஆள் துணை. என்ன நடந்தது என்ற பேச்சு மறுநாள் அல்லது அதற்கு மறுநாள். நோயாளியோடும் தனியாக உட்கார்ந்து பேசுவோம். அவருக்கும் அது பயமாகத்தான் இருந்திருக்கும். நடுக்கமும் தூக்கமின்மையும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல ஆலோசகரைப் பார். படிவம் நிரப்பியதும் இங்கே ஒரு வார்த்தை எழுது, சரியா?