பயனாளியா, பயனுரிமையரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சட்டச் சொற்களைத் தமிழாக்கும் நம் பேச்சில், பெனிஃபிஷியரிக்கு (டிரஸ்ட் சொத்தின் பயனைப் பெறுபவருக்கு) 'பயனாளி' போதும், பழகிய சொல்தானே என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அந்தப் பழக்கம்தான் இடறுகிறது. பயனாளி என்றதும் அரசு நலத்திட்டத்தில் உதவி பெறுபவர்தான் நினைவுக்கு வருகிறார். டிரஸ்ட் சொத்தில், அதாவது ஒருவரின் பயனுக்காக இன்னொருவரை (டிரஸ்டியை) நம்பி ஒப்படைத்த சொத்தில், நிலைமை வேறு. சொத்து டிரஸ்டியின் கையில் இருந்தாலும் அதன் பயன் இவருக்கு உரிமை. தராவிட்டால் டிரஸ்டி மேலேயே வழக்குப் போடலாம். அந்த உரிமை சொல்லிலேயே தெரிய வேண்டும். ஆகவே 'பயனுரிமையர்' என்று முன்மொழிகிறேன். 'பயனர்' இன்னும் சின்னச் சொல், ஆனால் கணினித் துறையில் அது யூசருக்கு என்று நிலைத்துவிட்டது.

டிரஸ்டிக்கு 'அறங்காவலர்' எல்லா இடத்திலும் சரிவராது. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. சமயக் கொடைகளும் அறக்கொடைகளும் அதற்குள் வரமாட்டா என்று முதல் பிரிவே விலக்கிவைக்கிறது. பேரப்பிள்ளைகளுக்காகத் தாத்தா எழுதிவைத்த வீட்டைப் பார்த்துக்கொள்பவரை அறங்காவலர் என்றால், படிப்பவர் அதைத் தர்மச் சொத்து என்றே எண்ணுவார். ஒருவர் வைத்த நம்பிக்கையை இன்னொருவர் ஏற்பதால் வரும் கடமை என்றுதான் 3ஆம் பிரிவு டிரஸ்டை விளக்குகிறது. 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது. கோயிலுக்கு அறங்காவலரே இருக்கட்டும்.

எக்ஸிகியூட்டர் உயிலில் நியமிக்கப்படுபவர்; 'உயில் நிறைவேற்றுநர்' போதும். அட்மினிஸ்ட்ரேட்டர் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமிப்பவர். 'நிர்வாகி' மிகவும் பொதுவாக இருப்பதால் 'சொத்தாட்சியர்' எனலாம்.

சரி, இவற்றை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? 1908ஆம் ஆண்டின் உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டம், 31ஆம் கட்டளை, 1ஆம் விதியை எடுத்துக்கொண்டேன். என் வரைவு:

"நம்பிக்கைப் பொறுப்பாளர், உயில் நிறைவேற்றுநர் அல்லது சொத்தாட்சியரிடம் உரிமை சேர்ந்துள்ள சொத்து பற்றிய வழக்கில், பூசல் பயனுரிமையருக்கும் வெளியாருக்கும் இடையே என்றால், பயனுரிமையருக்காக அந்தப் பொறுப்பாளர், நிறைவேற்றுநர் அல்லது சொத்தாட்சியரே நிகர்நிற்பார். பயனுரிமையரைத் தரப்பினராகச் சேர்ப்பது பொதுவாகத் தேவையில்லை. நீதிமன்றம் தக்கதெனக் கருதினால் அவர்களையும் சேர்க்க ஆணையிடலாம்."

'நிகர்நிற்பார்' என்று ஏன் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் 'சார்பில் ஆஜராவார்' என்றுதான் எழுதினேன். அது வக்கீல் செய்யும் வேலை. வக்கீல் வழக்கின் தரப்பினர் ஆகமாட்டார். இங்கே டிரஸ்டியே வாதியாகவோ பிரதிவாதியாகவோ நிற்கிறார், பயனுரிமையரின் பெயர் வழக்கில் இல்லாமலும் போகலாம். 'பிரதிநிதித்துவம் செய்வார்' தவறில்லை, ஆனால் வாயில் நுழையவில்லை. நிகராளி (பிரதிநிதி) என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் அதன் வினையாக நிகர்நிற்றல் பொருந்தும் என்று நினைக்கிறேன். பூசல் டிரஸ்டிக்கும் பயனுரிமையருக்கும் இடையிலேயே என்றால் இந்த விதி உதவாது. அங்கே ஒருவர் மற்றவருக்கு நிகர்நிற்க முடியாது என்று சொல்லும்போதும் சொல் சரியாக உட்காருகிறது.

எனக்கு இன்னும் நிறைவு தராதது 'உரிமை சேர்ந்துள்ள' என்பது. ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'வெஸ்டட்'. வெஸ்ட் ஆவது என்றால் சட்டப்படியான உடைமை ஒருவரிடம் வந்து நிலைப்பது. பயனுரிமை வேறொருவரிடம் இருக்கும்போது வெறும் 'உரிமை' என்று எழுதினால் இரண்டும் குழம்புகின்றன. 'உடைமை நிலைத்துள்ள' என்றால் தேவலையா? அப்புறம், பத்திர எழுத்தில் பழகியவர்கள் இதற்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள்.