காகிதத்தில் தொங்கிய உயிர்

அமெரிக்கப் படைக்கு வேலை பார்த்த ஆப்கன் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. நான் இருக்கும் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ஆப்கன் குடும்பங்கள் அதிகம், காபூல் தாலிபானிடம் விழுந்த பிறகு வந்து இறங்கியவர்களுக்குக் கட்டில், பாத்திரம் சேர்த்து வீட்டை ஒழுங்குபண்ணிக் கொடுக்கும் தன்னார்வ வேலைக்குப் போனபோது பழக்கமானவர். தெற்கு ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் அமெரிக்க மரீன் படையினரோடு ரோந்து போனவர். என் அரைகுறை இந்தியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைவிட நல்ல இந்தியில் பதில் சொன்னார். சின்ன வயதில் பாகிஸ்தானின் பெஷாவரில் அகதியாக இருந்தபோது கற்ற உருதுவாம், மீதி ஷாருக் கான் புண்ணியம்.

எல்லாரும் தாலிபானைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மனுஷன் புலம்பியதெல்லாம் காகிதத்தைப் பற்றி. அமெரிக்கர்களுக்கு வேலை பார்த்த ஆப்கானியருக்கென்று இருந்த எஸ்ஐவி என்ற சிறப்புக் குடியேற்ற விசாவுக்கு, அமெரிக்க மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது. அந்த அதிகாரிகளோ சில மாதங்களில் ஊர் திரும்பிவிடுகிறவர்கள், சட்டையில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு ஃபேஸ்புக்கில் எத்தனை பேரைத் தேடுவது சொல்லுங்கள். கடிதம் கிடைத்தாலும் சட்டப்படி 9 மாதத்தில் முடியவேண்டிய விசா பலருக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கூட வேலை பார்த்த ஒருவரைப் பொய் கண்டறியும் சோதனையில் தேறவில்லை என்று வேலையைவிட்டு நீக்கினார்கள், அதோடு விசாவும் போச்சு.

2021 ஆகஸ்டில் அந்தக் கடிதமும் பாராட்டுச் சான்றிதழும் தாலிபான் கையில் சிக்கினால் உயிர் போகும், ஆனால் காபூல் விமான நிலைய வாசலில் காட்ட அவை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். குழந்தையின் டயப்பர்களுக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோயிருக்கிறார். அப்புறம் ஆபி கேட் என்ற விமான நிலைய வாசல் பக்கத்துச் சாக்கடைக் கால்வாயில் இறங்கி நின்று அதே ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியிருக்கிறார். அவர் உள்ளே போன பிறகு, 26ஆம் தேதி, அதே இடத்தில் குண்டு வெடித்து 13 அமெரிக்கப் படையினரும் சுமார் 170 ஆப்கானியரும் செத்தார்கள்.

இங்கே வந்து கிடங்கில் இரவு ஷிப்ட். அதைக்கூட அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம். போர் நடந்தபோது ஒரே நாளில் வேலைக்கு எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, கூட்டிப்போகும்போது மட்டும் ஏன் இத்தனை சந்தேகம்? அவருடைய நண்பர் ஒருவர் அனுமதி கிடைத்தும் இஸ்லாமாபாத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், இப்படி அனுமதி பெற்றவர்களை அமெரிக்க அரசு செலவில் ஏற்றிவந்த விமானங்களை 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அந்த நண்பரின் வாடகைக்கும் பாகிஸ்தான் விசா நீட்டிப்புக்கும் இவர் சம்பளத்திலிருந்துதான் பணம் போகிறது.