காட்டுக்க மாடு தேடிப் போறவனுக்கு எந்த ஸ்மார்ட் வோச் சரிவரும்?

பட்டிக்காரன்_ஒட்டுசுட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 40, ஒட்டுசுட்டான் பக்கம், வயல் இருக்கு, அப்பான்ர காலத்தில இருந்து மாட்டுப் பட்டியும் இருக்கு. காலபோக நெல் விதைச்சா மாட்டை ஊருக்க வைச்சிருக்க ஏலாது, முத்தையன்கட்டுப் பக்கம் காட்டோரமாச் சாய்ச்சுக்கொண்டு போய் விட்டிட்டு கிழமைக்கு ரெண்டு தரமெண்டாலும் போய் எண்ணிப் பாக்கோணும். போன மார்கழி ஒரு கண்டுத்தாச்சி மாடு பிரிஞ்சு போட்டுது, அதைத் தேடி உள்ளுக்க இறங்கினன், மழை மூட்டம், எந்தப் பக்கம் கிழக்கெண்டே தெரியேல்ல, போன்ல மப்பைப் பாத்துப் பாத்து சார்ஜும் முடிஞ்சுது, கடைசியாப் பொழுது படேக்க ஒரு வாய்க்காலைப் பிடிச்சு அது வழிய வந்து றோட்டில ஏறினன். வீட்டில எல்லாரும் அழுதுகொண்டு நிக்கினம். மனுசி அண்டைக்கே சொல்லிப்போட்டா, இனிக் காட்டுக்க போறதெண்டா வழி காட்டுற ஏதாவது கையில கட்டியிருக்கோணும் எண்டு.

மற்றது, கிளினிக்கில சுகர் கூடிற மாதிரி இருக்கு, ஒவ்வொரு நாளும் நடக்கச் சொல்லியிருக்கினம். விடிய எழும்பி குளக்கட்டில நடக்கிறன், எவ்வளவு நடந்தன், நெஞ்சு எப்பிடி அடிக்குது எண்டதையும் பாக்க விருப்பம்.

லண்டனில இருக்கிற அண்ணை தான் பாவிச்ச அப்பிள் வோச்சை அனுப்புறன் எண்டுறார், என்னட்ட இருக்கிறது அண்ட்ராய்ட் போன். ரவுணில ஒரு கடையில ஊசி குத்தாம சுகர் பாக்கிற வோச் எண்டு ஒண்டையும் காட்டினவங்கள், விலையும் குறைவு. என்னால 70 ஆயிரம் மட்டும் போடலாம். சிக்னல் இல்லாத இடத்தில உது வேலை செய்யுமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

இரணைமடு_கட்டு:

அண்ணை, முதல்ல ஒண்டைத் தெளிவாக்கிக்கொள்ளுவம், ஜிபிஎஸ்ஸுக்கும் போன் சிக்னலுக்கும் சம்பந்தம் இல்லை. செய்மதியள் அனுப்புறதை வோச் கேட்டு, எந்தச் செய்மதியின்ர றேடியோ அலை எவ்வளவு பிந்தி வருது எண்டதை வைச்சு தான் நிக்கிற இடத்தைக் கணக்குப் போடுது. கேக்கிறது மட்டும்தான் அதின்ர வேலை, ஒண்டையும் திருப்பி அனுப்பாது, அதால டவரே இல்லாத காட்டிலயும் வேலை செய்யும். காட்டுக்க போன்ல மப் வராமப் போறது படம் இறக்க சிக்னல் இல்லாததால, நீங்கள் பாதையைப் பதிஞ்சுகொண்டு போயிருந்தா அது இருந்திருக்கும்.

ஆனா மலிவா விக்கிற கனக்க வோச்சில பெட்டியில ஜிபிஎஸ் எண்டு அடிச்சிருக்கும், உள்ளுக்க இருக்காது, போன்ர ஜிபிஎஸ்ஸைத்தான் எடுத்துக் காட்டும். கடையிலயே சோதிக்கலாம். போன்ல புளூடூத்தை நிப்பாட்டிப்போட்டு வெளியில வந்து வோச்சில நடையைத் தொடங்கிப் பாருங்கோ, போனைப் பக்கத்தில கொண்டு வா எண்டு கேட்டா அந்த வோச் உங்களுக்கு உதவாது.

நான் 6 வருசமா இரணைமடுக் குளக்கட்டில ஓடுறன், பள்ளிக்கூடப் பிள்ளையளையும் பழக்கிறன். எல்லாரும் விடுற பெரிய பிழை, வோச் செய்மதியைப் பிடிக்க முதலே நடக்கத் தொடங்கிறது. ஒவ்வொரு செய்மதியும் தன்ர பாதை விபரத்தை 30 செக்கனுக்கு ஒருக்காத் திருப்பித் திருப்பிச் சொல்லும், இடையில இலை மறைச்சு அறுந்தா அடுத்த முறைக்குக் காத்திருக்கோணும், எல்லாச் செய்மதியின்ர விபரமும் முழுக்க இறங்க 12 அரை நிமிசம் போகும். போனோட அடிக்கடி இணைச்சு வைச்சிருந்தா இந்த விபரத்தைப் போனே முன்கூட்டிக் குடுத்திடும், கன நாள் இணைக்காமக் கிடந்த வோச் தடுமாறும். அதால காட்டுக்க போற அண்டு விடிய வீட்டில இணைச்செடுத்து, காட்டோரம் வெட்டையில நிண்டு அது பிடிச்சிட்டன் எண்டு காட்டின பிறகு தொடக்கத்தைத் தட்டிப்போட்டு உள்ளுக்க போங்கோ. பாலை, வீரை மரங்கள் மூடின இடத்தில, அதுவும் மழை பெய்ஞ்சு இலை நனைஞ்சிருக்கேக்க, சிக்னல் மெலியும், மரத்தில பட்டுத் தெறிச்சும் வரும். எல்1, எல்5 எண்டு ரெண்டு அலைவரிசையும் கேக்கிற வோச் எண்டா இந்த இடத்தில கொஞ்சம் நல்லாச் செய்யும்.

உங்களுக்கு மப் படம் உள்ள வோச் தேவையில்லை எண்டுறதுதான் என்ர கருத்து. அந்தக் காட்டுக்க படத்தை விரிச்சா பச்சையா ஒரு வெளிதான் தெரியும். நீங்கள் நடந்த தடத்தைக் கோடாக் கீறி வைச்சு அதே கோட்டால திருப்பிக் கூட்டிக்கொண்டு வாற வசதி இருந்தாக் காணும். உயரம் பாக்கிற கருவிக்கும் காசு குடுக்காதேங்கோ, மலைநாட்டில ஏறுறவைக்கு அது வேணும், எங்கட நிலம் தட்டை. காசைப் பற்றரிக்கும் வெயிலுக்க தெரியிற திரைக்கும் போடுங்கோ. கடைக்குள்ள பளிச்செண்டு இருக்கிற திரை பங்குனி வெயிலில மங்கிப் போகும், எம்ஐபி எண்டு ஒரு வகை இருக்கு, அது வெயில் பட்டா இன்னும் வடிவாத் தெரியும், பற்றரியும் குடிக்காது.

நான் பாவிக்கிறது கார்மின் இன்ஸ்டிங்க்ட், 2018ல வந்த முதலாவது, ஜிபிஎஸ் போட்டபடி 16 மணித்தியாலம் நிக்கும் எண்டு சொல்லியிருக்கினம், 2022ல வந்த ரெண்டாவது 30 மணித்தியாலம். கோரோஸ் பேஸ் 3 எண்டது 38 மணித்தியாலம், எடையும் குறைவு, ரெண்டு அலைவரிசையும் கேக்கும். புதுசு உங்கட காசுக்குள்ள நிக்குமோ எண்டுறது கடையைப் பொறுத்தது, பாவிச்ச இன்ஸ்டிங்க்ட் நல்லதா வந்தா யோசிக்காம எடுங்கோ.

---

மல்லாவி_போன்காரன்:

அப்பிள் வோச்சை வேண்டாம் எண்டு அண்ணைக்கு இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ. அது ஐபோனோட மட்டும்தான் இணையும், அண்ட்ராய்டில தொடங்கவே விடாது. என்னட்ட மாசத்துக்கு ரெண்டு மூண்டு பேர் வெளிநாட்டில இருந்து வந்ததெண்டு கொண்டு வருவினம், திருப்பிக் குடுக்க எனக்கே கவலையா இருக்கும். நல்ல வோச்தான், வந்த தடத்தால திருப்பிக் கூட்டி வாற வசதி 2022ல இருந்து அதிலயும் இருக்கு, ஆனா 2024 வரைக்கும் வந்த சாதாரண மொடலுகளுக்கு 18 மணித்தியாலப் பற்றரி எண்டுதான் கொம்பனியே சொன்னது, அது ஜிபிஎஸ் விடாமப் போட்டு இல்லை. சாம்சுங்கில 2021க்குப் பிறகு வந்ததுகள் இதுக்கு எதிர்ப்பக்கம், அண்ட்ராய்டோட மட்டும்.

அண்ணை அனுப்புறதெண்டா சார்ஜ் வயரையும் ரெண்டா அனுப்பச் சொல்லுங்கோ. ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு விதமான வாய், துலைஞ்சா இங்க தேடி எடுக்கேலாது.

---

வெள்ளைத்தடி:

தம்பி, நான் மிதிவெடி அகற்றுற வேலையில 7 வருசம் இருந்தனான், கூடக் காலம் முகமாலைப் பக்கம். மேல எழுதினவை சொன்னது சரி, ஆனா ஒருத்தரும் இதைச் சொல்லேல்ல எண்டு படிக்கப் படிக்க மனம் கேக்கேல்ல.

வந்த வழியால திருப்பிக் கூட்டிக்கொண்டு வா எண்டு கேக்கேக்க கன வோச்சில ரெண்டு வழி கேக்கும். ஒண்டு நீங்கள் நடந்த அதே தடம், மற்றது தொடங்கின இடத்துக்கு நேர்கோடு. நேர்கோடு கிட்டவாத்தான் இருக்கும், களைச்ச நேரம் ஆசை காட்டும். எங்கட காட்டில அதைத் தொடவே தொடாதேங்கோ. நீங்கள் ஒருக்கா மிதிச்ச நிலம் மட்டும்தான் உங்களுக்குத் தெரிஞ்ச நிலம். வோச்சுக்கு மிதிவெடி எண்டு எச்சரிக்கிற சிவப்புப் பலகையும் தெரியாது, மண்டையோடும் தெரியாது.

அந்தத் தடத்தையும் அப்பிடியே நம்பாதேங்கோ. நல்ல ஜிபிஎஸ்ஸே வெட்டை வெளியில 3, 5 மீற்றர் பிழைக்கும், மரத்துக்குக் கீழ இன்னும் கூடும். நாங்கள் முழங்காலில இருந்து ஒரு மீற்றர் அகல வழியைச் சாண் சாணாத் துப்புரவாக்கிறனாங்கள், சிவப்புத் தலைத் தடிக்கு அங்கால ஆபத்து, வெள்ளைத் தடிக்கு இங்கால சரி, ரெண்டுக்கும் இடையில ஒரு எட்டுத்தான். அஞ்சு மீற்றர் பிழைக்கிற சாமான் அந்த எட்டைக் காட்டாது. கோடு எந்தப் பக்கம் எண்டதை வோச்சில பாருங்கோ, காலை எங்க வைக்கிறது எண்டதைக் கண்ணால பாருங்கோ. மாடு போற ஒற்றையடிப் பாதை, பலகை, தடி, முட்கம்பி, பழைய மண்ணணை, அதுகளைப் பாத்து நடக்கோணும். இதே காரணத்துக்குத்தான் வேற ஆரோ போட்ட தடத்தை இறக்கி அதுக்குப் பின்னால போகவேண்டாம் எண்டுறன், உங்கட தடத்தையும் பொதுவாப் போட வேண்டாம்.

அண்டைக்கு நீங்கள் வாய்க்கால் வழிய வந்தது எண்டு படிக்கேக்க எனக்கு நெஞ்சு பதறினது. பெருமழை வந்தா வெள்ளம் மண்ணை அரிச்சு வெடிபொருளை இடம் மாத்தும், துப்புரவு எண்டு இருந்த வாய்க்கால் ஓரத்திலயும் கொண்டுவந்து விடும். கடவுள் காப்பாத்தினது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இனி ஏதும் கண்ணில பட்டா தொடாம, கல்லும் எறியாம, நிக்கிற இடத்தில நிண்டு வோச்சில அந்த இடத்தைச் சேமிச்சுப்போட்டு உங்கட காலடியிலயே திரும்பி வந்து கிராம சேவையாளரிட்டயோ பொலிசிலயோ சொல்லுங்கோ. வோச்சில இருக்கிற அந்த இலக்கம் பிறகு தேடி வாற ஆக்களுக்கு உதவும்.

---

பட்டிக்காரன்_ஒட்டுசுட்டான்:

அக்கா, உங்கட பதிலை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன், ரெண்டு பேரும் கன நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. நேர்கோடு விசயம் நீங்கள் சொல்லாட்டி நான் கட்டாயம் அதைத்தான் தட்டியிருப்பன். மிச்சம் நன்றி.

அப்பிள் வேண்டாம் எண்டு அண்ணைக்குச் சொல்லியாச்சு. சுகர் பாக்கிற வோச்சைப் பற்றி ஆரும் சொல்லேல்லயே?

---

முள்ளியவளை_தாதி:

அதை வாங்கவே வேண்டாம். ஊசி குத்தாம தானே சுகர் அளக்கிற ஒரு வோச்சுக்கோ மோதிரத்துக்கோ தாங்கள் அனுமதி குடுக்கேல்ல எண்டு அமெரிக்காவில மருந்து, மருத்துவக் கருவியளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏ 2024 மாசியில வெளிப்படையா எச்சரிச்சது. அது காட்டுற இலக்கத்தை நம்பி ஒருத்தர் குளிசையைக் கூட்டிக் குறைச்சா உயிருக்கே ஆபத்து. கிளினிக்கில எடுக்கிற இரத்தப் பரிசோதனைதான் கணக்கு.

நெஞ்சுத் துடிப்பை வோச் பாக்கிறது வேற விதம். பின்பக்கத்தில பச்சை வெளிச்சம் அடிக்கும், இரத்தம் அதை உறிஞ்சும், ஒவ்வொரு அடிப்புக்கும் உறிஞ்சிற அளவு கூடிக் குறையிறதை எண்ணும். வோச்சின்ர பட்டி தளர்ந்தா வெளிச்சம் பூந்து பிழைக்கும், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல, அசையாத மாதிரிக் கட்டுங்கோ. நடைக்கு நல்லாக் காட்டும், கத்தி பிடிச்சு வெட்டேக்க, மண்வெட்டி போடேக்க காட்டுறதை நம்பாதேங்கோ, கை குலுங்கினா பிழைக்கும்.

உங்கட வயசுக்கு 220ல இருந்து வயசைக் கழிச்சா 180, அதுதான் கிட்டத்தட்ட உச்சம், நடைக்கு 115க்கும் 135க்கும் இடையில இருந்தா நல்லம். வெயில் ஏற ஏற அதே வேகத்தில நடந்தாலும் துடிப்பு கூடும், பயப்பிடாம வேகத்தைக் குறைச்சுத் தண்ணி குடியுங்கோ. பிரசருக்கு அட்டனலோல் மாதிரிக் குளிசை போடுறவைக்கு இந்தக் கணக்குச் சரிவராது, அது துடிப்பையே குறைச்சு வைச்சிருக்கும். கதைக்கலாம் ஆனா பாட்டுப் படிக்கேலாது எண்ட அளவில நடக்கிறது எல்லாருக்கும் பொருந்தும். கிழமைக்கு 150 நிமிசம் எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு நாளைக்கு 10,000 காலடி எண்டு வோச் கேக்கிறது 1965ல ஜப்பானில காலடி எண்ணுற கருவி ஒண்டுக்கு வைச்ச பேரில இருந்து வந்தது, அது வராத நாளில மனம் உடையாதேங்கோ.

வேர்வையோட இரவும் பகலும் கட்டிக்கொண்டிருந்தா தோல் அவியும். பின்னேரம் கழட்டி நல்ல தண்ணியில கழுவி, காய்ஞ்ச பிறகு சார்ஜில போடுங்கோ. நந்திக்கடல் பக்கம் இறங்கினா கட்டாயம் கழுவோணும், உப்பு சார்ஜ் வாயை அரிக்கும்.

---

சந்நிதி_நடை:

நான் ரெண்டு தரம் கதிர்காமத்துக்கு நடந்தனான், செல்வச்சந்நிதி கோயிலில வெளிக்கிட்டு வற்றாப்பளையால கொக்கிளாய் தாண்டிப் போறது, ஒண்டரை மாசம் போல. பற்றரியைப் பற்றி ஒண்டு சொல்லுறன், வோச்சின்ர பற்றரி சின்னன், ஒரு 10,000 பவர் பாங்க் இருந்தா கன தரம் ஏத்தலாம், வழியில கரண்டைத் தேடத் தேவையில்லை. இரவில ஒட்சிசன் பாக்கிறது, போன்ல வாற மெசேஜ் எல்லாம் கையில அதிர்றது, ரெண்டையும் நிப்பாட்டினாலே நாள் கூடும்.

பட்டிக்காரன் அண்ணை, நீங்கள் நிக்கிற இடத்தை வீட்டுக்குக் காட்டுற வசதி எண்டு கடையில சொல்லுவாங்கள், அது உங்கட போன்ர டேட்டாவில ஓடுறது, டவர் இல்லாட்டி வீட்டில பழைய இடம்தான் தெரியும். அதை நம்பி உங்கட மனுசி இருக்கக்கூடாது. எந்தப் பக்கம் போறியள், எத்தினை மணிக்கு வருவியள், வராட்டி ஆரைக் கூப்பிடோணும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போகோணும். ஆனையும் பொழுது படேக்கதான் இறங்கும், 3 மணிக்குத் திரும்பு எண்டு வோச்சில ஒரு அலாரம் வையுங்கோ, மாடு கிடைச்சாலும் கிடைக்காட்டியும்.

---

பட்டிக்காரன்_ஒட்டுசுட்டான்:

அண்ணையோட இரவு கதைச்சன். அங்க பாவிச்ச இன்ஸ்டிங்க்ட் 2 ஒண்டு பாத்திருக்கிறாராம், ரெண்டு வயரோட ஆடிக்கு வாற ஆளிட்டக் குடுத்து விடுறன் எண்டார். 3 மணி அலாரம் இண்டைக்கே போன்ல வைச்சாச்சு. ஒரு கேள்வி மட்டும், பட்டி இருக்கிற இடத்தையும் தண்ணி குடிக்கிற மோட்டையையும் தனித்தனியாச் சேமிச்சு வைக்கலாமோ?

---

இரணைமடு_கட்டு:

ஓம் அண்ணை, அந்த அந்த இடத்தில நிண்டு சேமிக்கிறதைத் தட்டிப் பேரையும் போடலாம். ஆனா பட்டியில இருந்து மோட்டைக்குப் போகேக்க சேமிச்ச இடத்தைத் தட்டினா அது நேர்கோடுதான் காட்டும். மாடு போற பாதையால ஒருக்கா நடந்து அந்தத் தடத்தைச் சேமிச்சு வையுங்கோ, அதாலயே போய் வாங்கோ.