பேஸ்மேக்கர் வச்சிருக்க அப்பாவுக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

வெண்ணாத்துக்காரன்:
மன்னார்குடி பக்கம் நாங்க. அப்பாவுக்கு 2009ல பேஸ்மேக்கர் வச்சது, பேட்டரி தீந்துபோயி போன வருஷம் பெட்டிய மட்டும் மாத்துனாங்க. இப்ப இடுப்புலேந்து கால் வரைக்கும் மரத்துப்போவுது, வரப்புல நடக்க முடியல, டாக்டரு எம்ஆர்ஐ எழுதிட்டாரு. தஞ்சாவூர்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல பேஸ்மேக்கர்னு சொன்னதுமே முடியாதுன்னுட்டாங்க. ஆனா எம்ஆர்ஐ எடுக்கலாம்ங்கற மாடல்னு சொல்லித்தானே பெட்டிக்கு கூடுதலா காசு வாங்குனாங்க? யாரு சொல்றது சரி?

குடமுருட்டி:
எதுக்கு வம்பு, சிடி எடுத்துட்டு போங்க.

ஸ்கேன்ரூம் ஆளு:
சிடில நரம்பு அமுங்கறது அவ்வளவு தெளிவா தெரியாதுங்க, அதான் எம்ஆர்ஐ கேக்குறாங்க. விஷயம் என்னன்னா பெட்டி மட்டும் எம்ஆர்ஐ மாடலா இருந்தா பத்தாது, இதயத்துக்குள்ள போற ஒயரும் அந்த பெட்டியோட சேத்து டெஸ்ட் பண்ணுனதா இருக்கணும். உங்க அப்பாவுக்கு ஒயர் 2009ல வச்சது, அமெரிக்காவுல எம்ஆர்ஐக்குன்னு செஞ்ச மொத பேஸ்மேக்கருக்கு அனுமதி கெடச்சதே 2011லதான். எல்லாரும் காந்தம் பெட்டிய இழுத்துரும்னு பயப்படுவாங்க, பெட்டி டைட்டானியம், அது பெரிய விஷயமில்ல. ஸ்கேன் ஓடறப்ப வர்ற ரேடியோ அலைய ஒயர் ஆன்டெனா மாதிரி வாங்கி நுனில சூடாவும், அந்த நுனி தொட்டுட்டு இருக்கறது இதயச் சதை, அங்க சுட்டுருச்சுன்னா அப்புறம் துடிக்க வைக்கவே கூடுதல் கரண்ட் வேணும்.

டெல்டா டாக்டர்:
அதுக்காக பழைய ஒயர்னாலே கதவ சாத்தணும்னு இல்ல. 2017ல வந்த மேக்னாசேஃப் ஆய்வுல, எம்ஆர்ஐக்குன்னு செய்யாத பேஸ்மேக்கர், ஐசிடி (இதயம் தாறுமாறா துடிச்சா ஷாக் குடுக்கற கருவி) வச்சவங்களுக்கு 1.5 டெஸ்லா காந்த பலம் உள்ள மெஷின்ல 1,500 ஸ்கேன் எடுத்தாங்க, நெஞ்சுப்பகுதி தவிர. ஸ்கேன்ல யாரும் சாகல, ஒயரும் பழுதாவல. ஒரே ஒரு ஐசிடி பெட்டி மாத்த வேண்டி வந்துச்சு, அதுவும் முன்னாடியே செட்டிங்க ஒழுங்கா மாத்தாம விட்டதால. அதனால ப்ரோக்ராமர்ங்கற மெஷின வச்சு பேஸ்மேக்கர் செட்டிங்க மாத்தி, ஸ்கேன் முடிஞ்சதும் திருப்பி வைக்க ஆளும், பக்கத்துலயே கார்டியாலஜியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியா பாருங்க. ஸ்கேன் சென்டர்காரன் மாட்டேன்னதுல தப்பே இல்ல. ஆனா ஒண்ணு, பெட்டில மாட்டாம விட்ட பழைய ஒயர் உள்ள கெடக்குறவங்கள அந்த ஆய்வுல சேக்கல.

வெண்ணாத்துக்காரன்:
ரொம்ப நன்றி சார். அப்பாவோட பேஸ்மேக்கர் கார்ட எடுத்து பாத்தேன், ஒயர்னு ரெண்டு வரி இருக்கு. ஒண்ணு சும்மா கெடக்குதோ?

டெல்டா டாக்டர்:
ரெண்டு ஒயர் சகஜந்தான், மேலறைக்கு ஒண்ணு கீழறைக்கு ஒண்ணு. ஒரு செஸ்ட் எக்ஸ்ரே எடுங்க, ரெண்டும் பெட்டில போய் சேருதான்னு பாத்தா தெரிஞ்சுரும்.