கையா, பையா? திருநகர் சிப்பிப்பாறையும் கோழி ஈரலும்

உசிலைக்காரன், காலை 6.40
போன வாரம் திருநகர் அம்மா ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஞாயிறு காலையில் நாய்களுக்குத் தடை தாண்டும் வகுப்பாம். அடி கிடையாது, அதட்டல் கிடையாது, இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சோக் செயின் கிடையாது. வேகவைத்த கோழி ஈரலை வைத்தே அவர்கள் வீட்டுச் சிப்பிப்பாறை 3 வாரத்தில் குழாய்க்குள் புகுந்து, கட்டையைத் தாண்டி, 12 கம்புக்கு நடுவே நெளிந்து போகிறதாம். கூடவே ஒரு வீடியோ வேறு. ஏழு தடவை பார்த்தேன். குழாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிற பயிற்சியாளரின் வலது கை மூடியிருக்கிறது. மூடிய கைக்குள் என்ன இருக்கும்? விபூதியா? ஈரல்தான். ஈரலைக் காட்டினால் தெருநாய்கூடக் கிணற்றில் குதிக்கும். 30 வருடமாகக் கன்னியும் சிப்பிப்பாறையும் வளர்க்கிறவன் சொல்கிறேன், இதற்குப் பெயர் லஞ்சம்.

திருநகர்_மாடிவாசி, 7.15
ஐயா, வணக்கம். ஈரல் கையில் இல்லை, இடுப்புப் பையில் இருந்தது. எங்கள் நாய் மின்னல் குழாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் பயிற்சியாளரின் கை பைக்குள் போனது. வேலை முடிந்து கொடுத்தால் கூலி. முதலிலேயே காட்டினால்தான் லஞ்சம். வீடியோவை எட்டாவது தடவை பாருங்கள்.

செல்லூர்_தறி, 7.22
முடிந்த பிறகு கொடுத்தால் கூலியா? பத்திரம் கைக்கு வந்த பிறகு நான் ஒருவருக்கு 500 ரூபாய் கொடுத்தேன். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சந்தோஷம்’. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள்.

உசிலைக்காரன், 7.25
கை மூடியிருந்ததா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை_யானைமலை, 7.50
இரண்டு பேரும் பாதிப் பாதி பேசுகிறீர்கள். முதல் நாளில் தீனி கையில்தான் இருக்கும். மூக்குக்கு முன்னால் காட்டி, கையை நகர்த்தி, நாயை வழிக்குக் கொண்டுவருவார்கள். நாலைந்து தடவை ஆனதும் வெறுங்கையை அதே மாதிரி நகர்த்துவார்கள். நாய் அந்த அசைவுக்கே வரும். அப்புறம்தான் தீனி பைக்குப் போகிறது. நடுவில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டிருக்குமே, அதுதான் முக்கியம். ‘இப்போது செய்தாயே, அது சரி’ என்று அந்த நொடியை நாய்க்குக் குறித்துக் கொடுக்கிற சத்தம் அது. ஈரல் இரண்டு விநாடி தாமதமாக வந்தாலும் எதற்காக வந்தது என்று நாய்க்குத் தெரியும். அமெரிக்காவில் உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த பிரேலண்ட் தம்பதியர் 1940களிலேயே இந்த முறையில் விலங்குகளைப் பழக்குவதைத் தொழிலாகவே நடத்தினார்கள்.

உசிலைக்காரன், 7.58
அமெரிக்காவில் 1940இல் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. திருநகரில் போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை ஏன் மூடியிருந்தது என்று கேட்கிறேன்.

திருநகர்_மாடிவாசி, 8.04
கிளிக்கர் இருந்தது ஐயா, அந்த ‘டக்’ சத்தம் போடுகிற சின்னக் கருவி! கைக்குள் இருந்தது கிளிக்கர். போதுமா?

உசிலைக்காரன், 8.06
ஆக, கை மூடியிருந்தது. ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

பழைய_காக்கி, 8.40
துப்பறியும் நாய்களோடு 18 வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கள் நாய் வெடிமருந்தை மோந்து கண்டுபிடித்து அசையாமல் உட்கார்ந்ததும் பந்து கிடைக்கும். அந்தப் பந்துக்காகத்தான் அத்தனை வேலையும். பந்து கண்ணில் பட்டுவிட்டால் நாய் மோப்பத்தை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் சட்டைக்குள் ஒளித்து வைத்திருப்போம். எங்கள் காலத்தில் சோக் செயினும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் செயினை இழுத்து எந்த நாயையும் மோப்பம் பிடிக்க வைக்க முடியாது.

உசிலைக்காரன், 8.47
பார்த்தீர்களா! அனுபவஸ்தர் சொல்கிறார், சட்டைக்குள் என்று. இடுப்புப் பை என்று அவர் சொன்னாரா? சொல்லவில்லை. அப்புறம், நாய் ஓநாய் வம்சம். ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு. தலைவன் முறைத்தால் மற்றது எல்லாம் படுத்துவிடும். வீட்டில் நாம்தான் தலைவன். தலைவன் இடுப்பில் ஈரல் பையைக் கட்டிக்கொண்டு நாய் பின்னால் ஓடுவானா?

ஒத்தக்கடை_யானைமலை, 9.10
அண்ணே, அந்தத் தலைவன் கதை 1947இல் ஷெங்கல் என்ற ஆய்வாளர் எழுதியதிலிருந்து வருகிறது. அவர் பார்த்தது அடைத்து வைத்த ஓநாய்களை. ஒன்றுக்கொன்று உறவில்லாததைச் சேர்த்து அடைத்தால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகத்தால் அது ஊரெல்லாம் பரவியது. அதே மெக் 1999இல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், அப்பா அம்மாவும் அவற்றின் குட்டிகளும்தான் என்று எழுதினார்.

உசிலைக்காரன், 9.13
அப்பன் அதட்டமாட்டானா? என் அப்பா புளிய விளாரை எடுத்தால் நாங்கள் ஐந்து பேரும் வரிசையில் நிற்போம். எந்த ஈரலும் கிடைத்ததில்லை.

செல்லூர்_தறி, 9.15
அதனால்தான் இப்போது ஈரல் என்றதும் இத்தனை கோபம்.

அண்ணாநகர்_லாப், 10.02
கை, பை எல்லாம் இருக்கட்டும். 3 வாரத்தில் 12 கம்பா? என் லாப்ரடார் 6 கம்புக்கு நடுவே ஒழுங்காகப் போகவே 4 மாதம் ஆனது. தடைகளிலேயே கஷ்டமானது அதுதான். முதல் கம்பு எப்போதும் நாயின் இடது தோள் பக்கம் வரவேண்டும், ஒரு இடைவெளியைக்கூட விடக்கூடாது. தினமும் கொல்லையில் பிவிசி குழாயை நட்டு வைத்துப் பழக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் பந்தல்கால் என்று நினைத்து, வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்தார்.

திருநகர்_மாடிவாசி, 10.20
6 கம்புதான். அவசரத்தில் 12 என்று எழுதிவிட்டேன். இரண்டு வரிசையாக நட்டு, நடுவே ஓடை மாதிரி வழி விட்டிருந்தார்கள். வாரா வாரம் அந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குவார்கள். மின்னல் இன்னும் நேராகத்தான் ஓடுகிறது. நெளிந்து என்று எழுதியது ஒரு ஆசையில்.

உசிலைக்காரன், 10.21
6 கம்பு 12 ஆனது. நேராக ஓடியது நெளிந்ததானது. அப்புறம் கை மட்டும் ஏன் பை ஆகாது?

திருநகர்_மாடிவாசி, 10.30
ஒரு எண் தப்பானால் எல்லாமே பொய்யா? நீங்கள்கூடத்தான் 30 வருடம் என்கிறீர்கள். போன தீபாவளிக்கு ஒரு விவாதத்தில் 25 வருடம் என்று எழுதியிருந்தீர்கள்.

உசிலைக்காரன், 10.33
கன்னி 25, சிப்பிப்பாறை 30. இரண்டும் வேறு வேறு ஜாதி என்பது தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கும் தெரியும்.

செல்லூர்_தறி, 10.41
எது வேறு? இரண்டும் ஒன்றுதான், நிறம்தான் வேறு என்று சிப்பிப்பாறைப் பக்கத்துப் பெரியவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கறுப்பில் புருவத்துக்கு மேல் பழுப்புப் பொட்டு இருந்தால் கன்னி. சரி, அது கிடக்கட்டும். என் சித்தப்பா பையனுக்கு உங்களிடம் ‘சுத்தக் கன்னி’ என்று வாங்கிய குட்டி இப்போது காது மடங்கி, வால் சுருண்டு, வாசலில் பஜ்ஜிக்கு நிற்கிறது. அதற்கு யார் லஞ்சம் கொடுத்தது?

உசிலைக்காரன், 10.44
அந்தக் குட்டி என் பண்ணையை விட்டுப் போனபோது காது ஒழுங்காகத்தான் இருந்தது. வளர்ப்பு சரியில்லை. பஜ்ஜி போட்டுப் பழக்கியது யார், நானா? இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன், தீனி காட்டி வளர்த்தால் இப்படித்தான். என் நாய்கள் உசிலம்பட்டிக் கரட்டில் முயலுக்குப் பின்னால் ஓடினால் கண்ணால் பிடிக்கமுடியாது. அது பயிற்சி. ரத்தத்தில் இருக்கிறது. குழாய்க்குள் விட்டு எடுப்பது அந்த ரத்தத்துக்கு அவமானம்.

ஒத்தக்கடை_யானைமலை, 11.05
நாய் விட்டு முயல் பிடிப்பது 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைப் பொதுவெளியில் இப்படிப் பெருமையாக எழுதவேண்டாம் அண்ணே.

உசிலைக்காரன், 11.07
என் தாத்தா காலத்தைச் சொன்னேன்.

செல்லூர்_தறி, 11.08
‘ஓடினால்’ என்றுதானே எழுதினீர்கள்? தாத்தாவின் நாய்க்கு இன்னும் மூச்சு வாங்கவில்லையா?

பழைய_காக்கி, 11.30
எனக்கு வேறு ஒரு சந்தேகம். திருநகர் அம்மா, நாய்க்கு என்ன வயது? வீடியோவில் குட்டி மாதிரி இருக்கிறது. வளரும் நாயின் எலும்பு முனைகள் ஒரு வயது, ஒன்றரை வயது வரை மூடாது. அதற்குள் உயரத்தைத் தாண்ட வைத்தால் காலம் பூராவும் நொண்டக்கூடும். இதை யாராவது கேட்டீர்களா? காலையிலிருந்து கை, பை.

திருநகர்_மாடிவாசி, 11.44
9 மாதம் ஐயா. கட்டையைத் தரையோடு தரையாகத்தான் வைத்திருந்தார்கள். தாண்டியது என்றால் மிதித்துப் போனது. வகுப்பும் 6 மணிக்கு ஆரம்பித்து 7 மணிக்குள் முடிந்துவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கவேண்டும், மதுரை வெயிலில் 8 மணிக்கு மேல் ஒரு நாயும் ஓடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

உசிலைக்காரன், 11.46
கம்பு 6, நெளியவில்லை, கட்டை தரையில். அப்படியானால் அந்த நாய் செய்ததுதான் என்ன? நடந்தது. ஈரல் தின்றது.

அண்ணாநகர்_லாப், 12.10
இந்த விளையாட்டே விளையாட்டாக வந்ததுதான் அண்ணே. 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் போட்டிகளுக்கு நடுவே கூட்டத்தை உட்கார வைக்க, குதிரைகள் தடை தாண்டுவதைப் பார்த்து நாய்களுக்குச் செய்த வேடிக்கை. மக்களுக்குப் பிடித்துப்போய்ப் போட்டியாகிவிட்டது. இதில் ரத்தத்துக்கு என்ன அவமானம்?

உசிலைக்காரன், 12.13
வெள்ளைக்காரன் இடைவேளைக்கு ஆடவிட்டதை நாம் காசு கட்டிக் கற்றுக்கொள்கிறோம். நல்லது. அலங்காநல்லூரில் காளைக்கு யாராவது ஈரல் காட்டிப் பழக்குகிறார்களா?

செல்லூர்_தறி, 12.15
காளை ஈரல் தின்னாது. பருத்திக்கொட்டை காட்டுவார்கள். பேரீச்சம்பழமும் உண்டு. மண்ணைக் குத்திப் பழகிவிட்டு வந்ததும் தடவிக்கொடுத்து ஊட்டுவார்கள். கூலியா, லஞ்சமா?

உசிலைக்காரன், 12.16
அது பாசம்.

ராசை_வெள்ளை, மதியம் 1.20
கன்னி, சிப்பிப்பாறை என்றே போய்க்கொண்டிருக்கிறது. 2005இல் தபால்தலையில் வந்த தமிழ்நாட்டு நாய் எது? ராஜபாளையம். அதை ஏன் யாரும் பேசவில்லை?

ஒத்தக்கடை_யானைமலை, 1.32
பேசலாமே. வெள்ளை ராஜபாளையத்தில் காது கேட்காத குட்டிகள் நிறையப் பிறக்கும். நிறமி இல்லாததோடு சேர்ந்து வருகிற குறை அது. அதட்டினாலும் கேட்காது, கிளிக்கரும் கேட்காது. அப்படிப்பட்ட நாய்க்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியோ, சின்ன டார்ச்சை ஒரு தடவை மினுக்கியோ ‘சரி’ என்று சொல்லிப் பழக்குகிறார்கள். காது கேட்காத நாயை அதட்டி வளர்ப்பவர்களுக்குத்தான் ‘திமிர் பிடித்த நாய்’ கிடைக்கிறது.

ராசை_வெள்ளை, 1.35
எங்கள் வீட்டு நாய்க்கு நன்றாகவே காது கேட்கும். ஜாதியைக் கேவலப்படுத்தாதீர்கள்.

பழைய_காக்கி, 1.50
யார் கேவலப்படுத்தியது? என் அக்கா வீட்டில் ஒரு ராஜபாளையத்தைத் திமிர் என்று சொல்லி இரண்டு வருடம் சங்கிலியிலேயே போட்டிருந்தார்கள். நான் போய்ப் பின்னாலிருந்து தட்டைத் தட்டினேன், திரும்பவே இல்லை. அன்றுதான் தெரிந்தது. நாயை அடிப்பதும், எந்நேரமும் கட்டிப்போடுவதும் 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்.

செல்லூர்_தறி, 1.52
50 ரூபாயா? அரைக் கிலோ ஈரல்கூட வராதே.

உசிலைக்காரன், 1.58
நான் நாயை அடிப்பவன் என்று சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். என் நாய்களுக்கு நான் ஒரு செருமல் செருமினால் போதும். அடித்ததே கிடையாது. விளாரைக் கையில் வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

திருநகர்_மாடிவாசி, 2.05
விளார் கையிலா, பையிலா ஐயா?

அண்ணாநகர்_லாப், 2.06
ஆத்தாடி.

உசிலைக்காரன், 2.20
சிரியுங்கள். வருகிற ஞாயிறு 6 மணிக்கு அந்த மைதானத்துக்கு நானே வருகிறேன். குழாய்க்கு அந்தப் பக்கம், அந்த வலது கைக்கு நேராக நிற்பேன்.

திருநகர்_மாடிவாசி, 2.24
தாராளமாக வாருங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு வந்தால் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். பார்வோ என்கிற வயிற்றுப்போக்கு நோய்க்கும் வெறிநோய்க்கும் ஊசி போட்டிருக்கவேண்டும்.

உசிலைக்காரன், 2.25
நாய் வராது. நான் மட்டும்தான்.

செல்லூர்_தறி, 2.27
ஈரல் மிச்சம் இருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள் தங்கச்சி.

உசிலைக்காரன், 2.31
உன் சித்தப்பா பையன் நம்பரை அனுப்பு. அந்தக் குட்டியின் காதை நான் பார்க்கவேண்டும்.