அட்டனிலிருந்து திருச்சி: எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். அடுத்த மாதம் திருச்சிப் பக்கம் மணப்பாறையில் சொந்தக்காரர் கல்யாணம். அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போகிறோம். கொழும்புப் பக்கம் உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, பிளேனில் சுமார் 1 மணி நேரம். சென்னை என்றால் கிட்டத்தட்ட 650 கிலோமீட்டர், அப்புறம் அங்கிருந்து ரயில் வேறு. அதனால் திருச்சிதான் சரி. இலங்கை, இந்தியா இரண்டு நாட்டிலும் ஒரே நேரம், கடிகாரத்தைத் திருப்பத் தேவையில்லை.

தலைவலி கடலைத் தாண்டுவதில் இல்லை, அட்டனிலிருந்து மலையை இறங்குவதில்தான். வழியில் கினிகத்தேனை வளைவுகளில் அப்பாயிக்குத் தலை சுற்றும்; பையும் தேசிக்காயும் கையிலேயே இருக்கும். மழையென்றால் மண்சரிவுப் பயம் வேறு. 1964 புயலுக்கு முந்தி தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கியவர் அவர். "அதே லேசு" என்கிறார்!

பிளேன் காலை 10 மணிக்கு. 3 மணி நேரம் முந்தி அங்கே நிற்கவேண்டும். நள்ளிரவில் வேன் பிடித்தால் போதுமா, முதல் நாளே இறங்கி விமான நிலையத்துக்குக் கிட்ட நீர்கொழும்புப் பக்கம் தங்குவதா? வழியில் கித்துல்கலை, அவிசாவளைப் பக்கம் இரவில் திறந்திருக்கும் சுத்தமான கழிப்பறை எங்கே? சக்கர நாற்காலியை டிக்கட் போடும்போதே கேட்கவேண்டுமா? அண்மையில் வயதானவர்களோடு போனவர்கள் சொல்லுங்கள்.