திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து? (ஜிப் போட்டால் பெருத்துப்போன ஊர்ப் பட்டியல்)

மேலரதவீதி:
நேற்று சாயங்காலம் தங்கச்சி மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். பைதான் என்கிற நிரல்மொழி படிக்கப் போகிற இடத்தில் கொடுத்த குறிப்பாம். அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்: ‘திருநெல்வேலி என்பதில் 12 எழுத்து, 36 பைட்டு. தமிழ்க் கோப்பைச் சுருக்கினால் சிறுக்காது, பெருக்கும். ஆகவே ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதவும்.’ (பைட்டு என்பது கணினியில் இடத்தை அளக்கிற அலகு.)

தி, ரு, நெ, ல், வே, லி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும், ஆறு. மிச்சம் ஆறு எழுத்து எங்கேயிருந்து வந்தது? நெல்லையப்பர் கோயில் வாசலில் பிறந்து வளர்ந்தவனிடம் எங்கள் ஊர்ப் பெயருக்கே எழுத்துக் கணக்கு சொல்லித் தருகிறார்கள். குறிப்பை எழுதியவர் இங்கே உலாவுகிறவர்தான் என்று கேள்வி. வந்து பதில் சொல்லட்டும்.

பையனின் சிக்கல் வேறு: முக்கூடல், வீரவநல்லூர், களக்காடு என்று சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களை ஒரு கோப்பில் எழுதினான், 2,140 பைட்டு. ஜிப் போட்டால், அதாவது சுருக்கிக் கட்டினால், 2,252 வருகிறது. அதைக் கேட்டதற்குத்தான் ‘தமிழ் என்றால் அப்படித்தான்’ என்று இந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள்.

பாளைக்காரன்:
எழுதியவன் நான்தான், ஒளிந்துகொண்டு ஒன்றும் இல்லை. அண்ணாச்சி, பைதானைத் திறந்து, நீளம் எண்ணுகிற லென் கட்டளையைப் போட்டுப் பாரும். 12 என்று வரும். கணினி பொய் சொல்லாது. த, இகரக் கொக்கி, ர, உகரம், ந, கொம்பு, ல, புள்ளி, வ, இரட்டைக்கொம்பு, ல, மறுபடி கொக்கி. எண்ணிக்கொண்டீரா? எழுத்தைப் பைட்டாக எழுதி வைக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டு, மொத்தம் 36. இதில் எது தப்பு?

மேலரதவீதி:
எழுத்து என்று எழுதியிருக்கிறீரே, அதுதான் தப்பு. கொக்கி ஒரு எழுத்தா? புள்ளி ஒரு எழுத்தா? அப்படியென்றால் 247 என்று படித்ததெல்லாம் என்ன கணக்கு? ஆறு எழுத்து. அவ்வளவுதான்.

கடைசிபெஞ்ச்:
ஆங்கிலத்தில் 11 வருது. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் சமரசமாப் போயிருங்க 😄

தென்காசிச் சாரல்:
எழுத்துச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். தம்பியின் கணக்கைப் பாருங்கள். 2,252-இல் 2,140 போனால் 112. ஜிப்பில் ஒரு கோப்புக்கு முன்னால் 30 பைட்டுத் தலைப்பு, பின்னால் பட்டியலில் 46, கடைசியில் 22. ஆக 98. அதோடு கோப்பின் பெயர் இரண்டு முறை வரும். பெயர் ஊர் என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, ஒரு புள்ளி, டிஎக்ஸ்டி என்று இருந்தால் 7, இரண்டு முறைக்கு 14. 98-உம் 14-உம் 112. சரியாக இடிக்காமல் வந்து உட்காருகிறது. அதாவது உள்ளே ஒரு பைட்டுகூடச் சுருங்கவில்லை, அப்படியே தூக்கி வைத்திருக்கிறது. பைதானில் ஜிப் போடுகிற ஜிப்ஃபைல் கருவி, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்டோர்டு, அதாவது சுருக்காத முறையில்தான் வைக்கும். டிஃப்ளேட்டட் என்று சொல்லித் திறந்தால்தான் சுருக்கும். தமிழுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பாளைக்காரன்:
நான் மாணவர்களுக்குத் திருநெல்வேலி என்ற ஒரே சொல்லை எழுதி ஜிஜிப் (அதுவும் ஒரு சுருக்கும் முறை) பண்ணியே காட்டியிருக்கிறேன். 36-ஐத் தாண்டிப் பெருத்துத்தான் வந்தது. கண்ணால் கண்டது. 12 எழுத்துக்கு 36 பைட்டு, அதற்கு மேல் ஜிஜிப்பின் தலைப்பு. பின்னே எப்படிச் சிறுக்கும்?

தென்காசிச் சாரல்:
ஜிஜிப்புக்குத் தலைப்பு 10, வால் 8, ஆக 18 பைட்டு சும்மாவே உண்டு. ஆங்கிலத்தில் 11 பைட்டாக எழுதிப் பண்ணினாலும் பெருக்கத்தான் செய்யும். ஒரு சொல்லை யாராவது சுருக்குவார்களா? பெரிய கோப்பில் தமிழ் நன்றாகவே சுருங்கும். தமிழ் எழுத்துக்கான 3 பைட்டில் முதல் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. திரும்பத் திரும்ப அதே வருவதால்தான் சுருக்கியே சுருக்குகிறது.

மேலரதவீதி:
கேட்டீரா பாளைக்காரரே? சாரல் தம்பி ‘தமிழ் எழுத்து’ என்று சொன்னதைக் கவனியும். எழுத்து ஆறுதான்.

தென்காசிச் சாரல்:
நான் அதைச் சொல்லவில்லை அண்ணாச்சி.

பாளைக்காரன்:
எழுத்துக்கு 3 பைட்டு என்று அவரே சொல்கிறார். 36-ஐ மூன்றால் வகுத்தால் எவ்வளவு? நான் சொன்ன 12. இந்த யூடிஎஃப்-8 என்பது 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் ஒரு சாப்பாட்டுக்கடையில் மேசைத் தாளில் போட்ட கணக்கு. உலகமே ஏற்றுக்கொண்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இன்னும் போய்ச் சேரவில்லை போல.

மேலரதவீதி:
ஆற்றுக்கு அந்தப் பக்கமா? பாலத்துக்கு இந்தக் கரையில் நெல்லையப்பர் இருக்கிறார், அந்தக் கரையில் உங்கள் பாளையங்கோட்டையில் என்ன இருக்கிறது, தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று நீங்களே வைத்துக்கொண்ட பட்டம்தான். ஆக்ஸ்போர்டில் படித்தவருக்கு ஒன்று கேட்கிறேன். கோபாலசமுத்திரம் என்று பையன் தேடினால் கிடைக்கவில்லை. கோப்பில் கண் முன்னால் இருக்கிறது. நானே உட்கார்ந்து பார்த்தேன். ஓர் இடத்தில் கோ என்பது க-வும் ஓகாரக் குறியும், இரண்டு. இன்னோர் இடத்தில் க, இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாக விழுந்திருக்கிறது. திரையில் இரண்டும் ஒரே கோ. உம்முடைய லென் ஒன்றுக்கு 2 என்கிறது, மற்றதுக்கு 3 என்கிறது. ஒரே எழுத்து ஒரு நேரம் இரண்டு, ஒரு நேரம் மூன்றா? கணினி பொய் சொல்லாதா? இலக்கணத்தில் கோ எப்போதும் ஒன்று. திருநெல்வேலி எப்போதும் ஆறு.

பாளைக்காரன்:
நார்மலைஸ் பண்ணிவிட்டு, அதாவது இரண்டு விதக் கோவையும் ஒரே வடிவமாக்கிவிட்டு, தேடினால் கிடைக்கும். அது இரண்டாம் மாதப் பாடம். திருநெல்வேலியில் கோ இல்லை, ஆகவே 12.

பழைய கம்பாசிட்டர்:
நான் ஜங்ஷன் பக்கம் ஓர் அச்சாபீஸில் அச்சுக்கோத்தவன். இரண்டு பேரும் தப்பு. ஈய எழுத்தில் கோத்தால் தி ஒன்று, ரு ஒன்று, கொம்பு தனி, ந தனி, ல் ஒன்று, இரட்டைக்கொம்பு தனி, வ தனி, லி ஒன்று. எட்டு. ஒரு போஸ்டருக்கு எத்தனை கொம்பு தேவைப்படும் என்று அறையில் எண்ணி எடுத்தவனுக்குத்தான் தெரியும். எட்டு.

கடைசிபெஞ்ச்:
6, 8, 11, 12, 36. டிக்கெட் வாங்கிரலாமா மக்கா

படிக்கிறபையன்:
மாமா நான்தான். சாரல் அண்ணே, கேட்க வெட்கமா இருக்கு. வேறு ஒரு இடத்திலும் நிற்கிறது. கோப்பைப் பத்துப் பத்து பைட்டாக வாசித்துத் தமிழாக மாற்றினேன், ஒன்பதாவது இடத்தில் எரர் வருது, தரவு பாதியில் முடிஞ்சிருச்சு என்கிற மாதிரி ஒரு வரி. அப்புறம் ஜிப்பை விரித்துப் பார்த்தா கடைசியில் இருந்த நாங்குநேரியும் அதற்குப் பின்னால் உள்ள ஊர்களும் காணோம்.

தென்காசிச் சாரல்:
முதலாவது, மூன்று மூன்றாக இருப்பதைப் பத்தில் வெட்டினால் ஒன்பதில் மூன்று முழுசாக வரும், பத்தாவது பைட்டு (பைதான் சுழியத்திலிருந்து எண்ணுவதால் அதற்கு அது ஒன்பதாவது இடம்) அடுத்ததின் தலை மட்டும். அதை எப்படித் தமிழாக மாற்றும்? பைட்டாக வாசிக்காதே, உரையாகத் திற, திறக்கும்போதே என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடு. விண்டோஸில் சொல்லாமல் திறந்தால் வேறு வம்பு வரும். இரண்டாவது, எழுதிய கோப்பை மூடாமலே ஜிப் போட்டிருக்கிறாய். எழுதினது கொஞ்சம் நினைவகத்தில் நின்றுகொண்டிருக்கும், மூடினால்தான் வட்டுக்கு இறங்கும். வித் போட்டு எழுது, அந்தக் கட்டம் முடிந்ததும் அதுவே கோப்பை மூடிவிடும், வெளியே வந்த பிறகு ஜிப்புக்குப் போ. மூன்றாவது, டிஃப்ளேட்டட். மேலே சொன்னேன், யாரும் படிக்கவில்லை.

பாளைக்காரன்:
பார்த்தீர்களா, மூன்று மூன்றாக. அதனால்தான் 12 என்று முதலிலேயே புரியவைக்கிறோம்.

மேலரதவீதி:
ஆறு எழுத்து வாசி என்று ரீட் ஆறு போட்டால் திருநெ என்று நிற்கிறதாம். ஆறு கேட்டவனுக்கு மூன்று எழுத்தைக் கொடுக்கிற நிரல், அதற்கு ஒரு வாத்தியார். சரி, பழைய கதைக்கு வருவோம். போன சித்திரைக் கொடைக்கு வரிப் பட்டியலை நான் ஏழு நாள் உட்கார்ந்து தட்டி வைத்திருந்தேன். ‘ஒரு பெயர் சேர்க்கணும் அவ்வளவுதானே, கொண்டாரும்’ என்று வாங்கி, டபிள்யூ போட்டுத் திறந்து, மொத்தத்தையும் காலி பண்ணி, ஒரே ஒரு பெயரோடு திருப்பிக் கொடுத்த மகராசன் யார்? சேர்ப்பதற்கு ஏ போடணும் என்பது ஒன்றாம் மாதப் பாடமா, இரண்டாம் மாதப் பாடமா?

பாளைக்காரன்:
அது போன வருசம். நகல் எடுத்து வைக்காதது உம்ம தப்பு. அதுக்கும் 12-க்கும் என்ன சம்பந்தம்?

மேலரதவீதி:
சம்பந்தம் இருக்குவே. டபிள்யூ போட்டால் எழுதுவதற்கு முன்னாலே, திறந்த நொடியிலே கோப்பு துடைத்துப் போய்விடும் என்று தெரியாதவர் எங்கள் ஊர்ப் பெயருக்கு எழுத்து எண்ணுகிறாரே என்பதுதான் சம்பந்தம். வீடு வீடாய்ப் போய் ‘நீங்க எவ்வளவு கொடுத்தீங்க’ என்று நான் திரும்பக் கேட்டபோது ஒருத்தர் பாதியைக் குறைத்துச் சொன்னார், தெரியுமா உமக்கு? வில்லுப்பாட்டுக்காரர்களுக்குக் கைக்காசு போட்டேன்.

கடைசிபெஞ்ச்:
சுருக்குவது என்பது அல்வா கிண்டுற மாதிரிதானே? கோதுமைப் பாலைச் சுண்டச் சுண்ட...

பழைய கம்பாசிட்டர்:
அல்வாவை மறுபடி கோதுமை ஆக்கிக் காட்டு பார்ப்போம். படத்தைச் சுருக்குகிற ஜேபெக் வேண்டுமானால் அல்வா, போனது போனதுதான். ஜிப் பத்தமடைப் பாய். சுருட்டி வைத்து விரித்தால் ஒரு கோரை குறையாது.

பாளைக்காரன்:
பட்டுப்பாயை மடித்து வைக்கலாம், அதற்காகப் பாய் எடை குறையுமா? உவமையே தப்பு.

மேலரதவீதி:
பத்தமடையைப் பற்றிப் பேச வேண்டாம், என் அம்மா ஊர். உவமை சரிதான். இன்னொரு விஷயம். 2010-இல் தமிழ்நாடு அரசு, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற உலகப் பொதுமுறையான யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண். தி ஒன்று, ரு ஒன்று, நெ ஒன்று. அரசாங்கமே ஆறு என்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு பைட்டு.

பாளைக்காரன்:
ஆறை இரண்டால் பெருக்கும். 12. நீரே சொல்லிவிட்டீர் 😂

மேலரதவீதி:
அது பைட்டுவே!

பாளைக்காரன்:
12 12-தானே.

தென்காசிச் சாரல்:
ஒருத்தர் எழுத்து என்று இலக்கணத்தைச் சொல்கிறார், ஒருத்தர் யூனிகோடு எண்ணைச் சொல்கிறார், ஒருத்தர் ஈயத் துண்டைச் சொல்கிறார். எழுத்து என்றால் என்ன என்று முதலில்...

மேலரதவீதி:
தம்பி, எழுத்து என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் 2019-இல் தனி மாவட்டமாகப் போய்விட்டீர்கள், எங்கள் ஊர்ப்பெயரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தென்காசிச் சாரல்:
இதற்கு மாவட்டம் எங்கே வந்தது? சாரல் சீசனுக்குக் குற்றாலம் வரும்போது மட்டும் நம்ம ஊர் என்று சொல்வீர்கள். தென்காசியில் எத்தனை எழுத்து என்று நான் உங்களிடம் வந்து கேட்கமாட்டேன்.

கடைசிபெஞ்ச்:
தெ, ன், கா, சி. நாலு. லென் போட்டா 8. ஆரம்பிக்கலாமா?

பழைய கம்பாசிட்டர்:
கொம்பு, த, ன், க, கால், சி. ஆறு துண்டு.

மேலரதவீதி:
தென்காசி நாலு. திருநெல்வேலி ஆறு. இதில் பேச ஒன்றுமில்லை.

படிக்கிறபையன்:
மாமா, சாரல் அண்ணன் சொன்ன மாதிரியே பண்ணினேன். வித் போட்டு மூடிவிட்டு, டிஃப்ளேட்டட் சொல்லி ஜிப் போட்டேன். 800 சொச்சம் பைட்டுதான் வருது. விரித்தால் நாங்குநேரியும் இருக்கு. ரொம்ப நன்றி அண்ணே.

மேலரதவீதி:
தமிழ் சுருங்கிவிட்டது பார்த்தீரா? ஆறு எழுத்து என்று வைத்தால் எல்லாம் சரியாக வரும். நான் முதலிலேயே சொன்னேன்.

பாளைக்காரன்:
நான் எங்கே சுருங்காது என்றேன்? சின்னக் கோப்பைத்தான் சொன்னேன். 12 என்பதை யாரும் மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

தென்காசிச் சாரல்:
தாளில் ‘தமிழ்க் கோப்பைச் சுருக்கினால் பெருக்கும்’ என்றுதான் இருக்கிறது, சின்னக் கோப்பு என்று இல்லை. சரி, விடுங்கள், நான் கிளம்புகிறேன்.

படிக்கிறபையன்:
மாமா, ஒரே ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை டெஸ்ட். திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து என்று கேள்வி வருமாம். என்ன எழுத?

மேலரதவீதி:
ஆறு என்று எழுதுலே. மார்க் போடாவிட்டால் தாளை நேரே என்னிடம் கொண்டுவா, எந்த மகராசன் திருத்துகிறான் என்று நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

பாளைக்காரன்:
திருத்தப் போகிறவன் நான்தான்வே.